'அதிகார எல்லை' என்னும் அரைகுறைச் சொல்

ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'ஜூரிஸ்டிக்‌ஷன்' என்று கண்டாலே 'அதிகார எல்லை' என்று போட்டுவிடுகிறார்கள். லத்தீனில் 'யூஸ்' சட்டம், 'டிக்தியோ' சொல்லுதல். சட்டம் இதுதான் என்று சொல்லும் அதிகாரம், அவ்வளவே. எல்லை எங்கிருந்து வந்தது?

தான்சானியாவின் அருஷாவில் உள்ள அந்த நீதிமன்றம் எந்த வழக்கிலும் முதலில் நான்கைப் பார்க்கும். புகார் ஆப்பிரிக்க மனித உரிமைச் சாசனத்தையோ, எதிர்த்தரப்பான நாடு ஏற்ற வேறு மனித உரிமை ஒப்பந்தத்தையோ சார்ந்ததா, இரு தரப்பும் தன் முன் வரக்கூடியவர்களா, மீறல் நடந்த காலம் எது, இடம் எது. எல்லைக்கோடு இந்த நாலாவதில் மட்டும்தான் வருகிறது.

அதன் முதல் தீர்ப்பையே பாருங்கள். 2009 டிசம்பரில், செனகலுக்கு எதிராகத் தனிமனிதர் ஒருவர் தொடுத்த வழக்கு. தனிநபர் நேரே வர வேண்டுமானால், நீதிமன்றத்தை நிறுவிய நெறிமுறையின் 34(6)ஆம் பிரிவுப்படி, அப்படிப்பட்ட வழக்குகளை ஏற்பதாக அந்த நாடு தனியாக ஓர் அறிவிப்புத் தந்திருக்க வேண்டும். செனகல் தரவில்லை. வழக்கு அங்கேயே முடிந்தது. இதை 'எல்லைக்கு அப்பாற்பட்டது' என்று எழுதினால் எந்த எல்லை என்று கேட்க மாட்டார்களா?

ஜூரிஸ்டிக்‌ஷனை 'ஆள்வரை' என்பார்கள் தூய தமிழன்பர்கள். 'வரை'யும் எல்லைதானே ஐயா! போதாக்குறைக்கு 'ஆள் வரை' என்று பிரித்துப் படித்துத் திகைக்க வேண்டியிருக்கிறது. இலங்கைச் சட்டத் தமிழில் 'நியாயாதிக்கம்' என்று ஒரு சொல் புழங்குகிறது. வடமொழிக் கலப்புதான், இருக்கட்டும், பொருள் பிசகவில்லை.

நியாயாதிக்கம் உண்டு என்றான பிறகுதான் 'அட்மிசிபிலிட்டி', அதாவது மனுவை விசாரணைக்கு எடுக்கலாமா என்ற கேள்வி. இதற்கு 'அனுமதிக்கத்தக்க தன்மை' என்கிறார்கள். அனுமதி என்றால் மேலிடத்துத் தயவு. இங்கே தயவுக்கு வேலையில்லை. சாசனத்தின் 56ஆம் பிரிவில் ஏழு நிபந்தனைகள் இருக்கின்றன: மனுதாரர் யாரென்று தெரிய வேண்டும், வசைமொழி கூடாது, ஊடகச் செய்தியை மட்டும் நம்பி வரக்கூடாது, உள்நாட்டு நீதிமன்ற வழிகளை முடித்திருக்க வேண்டும் என்று போகும். அவை நிறைவேறினால் ஏற்றுத்தான் ஆக வேண்டும். ஆகவே 'ஏற்புடைமை'. 'ஏற்புடைய கருத்து' போல, வாதத்தையே ஒப்புக்கொண்டதாகத் தொனிக்கும் என்றால் 'விசாரணைக்கு ஏற்புடைமை' என்று எழுதலாமே.

செய்தியாளர்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. நியாயாதிக்கம் இல்லையா, 'மனு தள்ளுபடி'. ஏற்புடைமை இல்லையா, அதற்கும் 'மனு தள்ளுபடி'. உள்நாட்டு வழிகள் மிச்சமிருப்பதால் ஏற்கப்படாத மனுவை, அவற்றை முடித்துக்கொண்டு திரும்பக் கொண்டுவரலாம். தலைப்பைப் படிக்கிறவரோ, அரசு மீது தவறில்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்.