உப்புநீரும் உலோக முனையும்: மூளையின் பேச்சைக் கணினி கேட்கும் விதம்

காரைக்குடியில் மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்ட அந்த ஆய்வகத்தை நாங்கள் ‘சிக்ரி’ என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். துருப்பிடித்தல், முலாம் பூசுதல், பேட்டரி ஆகியவை அங்கே ஆராயப்படுகின்றன என்பது ஊரறிந்தது. மூளையின் துடிப்புகளைக் கணினிக்குக் கொண்டுசேர்க்கும் மூளை–கணினி இடைமுகம் என்னும் கருவியின் மிகக் கடினமான பகுதியும் இதே துறைக்கு உரியது என்பது பலருக்குப் புதிதாக இருக்கலாம். கரைசலில் தோய்ந்த உலோகத்தின் பரப்பில் என்ன நடக்கிறது என்ற கேள்விதான் இரண்டுக்கும் அடிப்படை.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே சேர்க்கும் புரதப் பம்புகளும், பொட்டாசியத்தை மட்டும் மெல்லக் கசியவிடும் துளைகளும் சேர்ந்து, ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் உட்புறத்தை வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் வைத்திருக்கின்றன. போதிய தூண்டல் கிடைத்ததும் சோடியத்துக்கான வாயில்கள் திறந்து அயனிகள் உள்ளே பாய, மின்னழுத்தம் சட்டென்று ஏறுகிறது. பொட்டாசியம் வெளியேற, பழைய நிலைக்குத் திரும்புகிறது. இவ்வளவும் ஏறக்குறைய ஒரு மில்லிவினாடியில் முடிந்துவிடும். கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் இதை அளந்து, 1952-இல் கணித வடிவில் விளக்கிய ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவருக்கும் 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, மூளையின் மின்சாரம் உப்பு அயனிகளின் நகர்வு. கணினியின் மின்சாரமோ எலக்ட்ரான்களின் ஓட்டம். அயனி கம்பிக்குள் நுழையாது, எலக்ட்ரான் உப்புநீரில் தனித்து நீந்தாது. எனவே இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மின்முனை எனப்படும் உலோக முனையின் பரப்பு அந்த வேலையைச் செய்கிறது. உலோகம் உப்புநீரைத் தொட்டவுடன் உலோகத்தின் பக்கம் எலக்ட்ரான்களும் நீரின் பக்கம் அயனிகளும் எதிரெதிரே அணிவகுத்து, மிக மெல்லிய இரட்டைப் படலம் உருவாகிறது. அருகிலுள்ள நரம்பணு துடிக்கும்போது அயனிகளின் வரிசை சற்றே குலைய, அதற்கு ஈடாக எலக்ட்ரான்களும் அசைகின்றன; அந்த அசைவே கருவிக்குக் கிடைக்கும் செய்தி. எந்தப் பொருளும் எல்லையைக் கடக்காமலேயே செய்தி மட்டும் கடக்கிறது என்பதை எண்ணும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மின்முனையை எங்கே வைப்பது? ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் செட்டிநாட்டு வீட்டில் கல்யாணம் நடப்பதாகக் கொள்வோம். தெருவில் நிற்பவருக்கு உள்ளிருந்து இரைச்சல் மட்டும் கேட்கும். கூட்டம் ஒருசேரக் குலவையிட்டால் அது தெரியும். ஹான்ஸ் பெர்கர் 1924-இல் தொடங்கிய, தலைத்தோலின்மேல் வைத்து அளக்கும் இஇஜி முறை அத்தகையது. மண்டையோட்டைத் திறந்து மூளையின் மேற்பரப்பில் மின்முனைகளைப் பரப்புவது முகப்பில் வந்து நிற்பதற்குச் சமம். தனித்தனிக் குரல்களைக் கேட்க வேண்டுமானால் வளவு என்னும் உள்முற்றத்துக்கே போய், பேசுபவரின் பக்கத்தில் உட்கார வேண்டும். அதாவது ஊசிமுனை நரம்பணுவிலிருந்து ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தொலைவுக்குள் இருக்க வேண்டும். நூறு ஊசிகளை 4 மில்லிமீட்டர் சதுரத்தில் நிறுத்திய ‘யூட்டா’ மின்முனைத் தொகுதி இதற்காகவே அமைக்கப்பட்டது.

கேட்டதைப் புரிந்துகொள்ள வழிகாட்டியவர் நரம்பியல் ஆய்வாளர் ஜார்ஜோபோலஸ். கையை இயக்கும் மூளைப் பகுதியில் ஒவ்வொரு நரம்பணுவுக்கும் உவப்பான ஒரு திசை உண்டென்றும், அத்திசையிலிருந்து விலக விலகத் துடிப்பு குறையுமென்றும் அவர் 1980-களில் குரங்குகளில் கண்டார். ஒரு நரம்பணுவின் சாட்சி ஐயத்துக்குரியது. பல நரம்பணுக்களின் சாட்சிகளைக் கூட்டினால் கை போக நினைக்கும் திசை துலங்கிவிடும். தண்டுவடம் அறுந்தவரின் மூளையிலும் இந்தத் துடிப்புகள் அழிவதில்லை என்பதே இந்தத் துறையின் உயிர்நாடி. 2004-இல் தொடங்கிய ‘பிரெயின்கேட்’ ஆய்வில் கை கால் செயலிழந்த ஒருவர் நினைப்பாலேயே கணினித் திரையின் சுட்டியை நகர்த்தினார். 2021-இல் வெளியான ஆய்வில் இன்னொருவர் கையால் எழுதுவதாக மனத்தில் முயன்றே நிமிடத்துக்கு 90 எழுத்துகள் பதித்தார்.

ஆனால் மூளை அந்நியப் பொருளைச் சும்மா விடுவதில்லை. விறைப்பான ஊசியைச் சுற்றி நாளடைவில் தழும்புத் திசு வளர்ந்து, நரம்பணுவுக்கும் முனைக்கும் இடையே தொலைவைக் கூட்டிவிடுகிறது. ஊசிக்குப் பதிலாக மென்மையான மின்முனை இழைகளை நாடுவது இதனால்தான். அவையும் இடம்பெயர்வது உண்டு.

மறுதிசையில், கணினியிலிருந்து மூளைக்குத் தொடு உணர்வை அனுப்பும்போது மின்வேதியியல் இன்னும் கண்டிப்பாகிறது. முலாம் தொட்டியில் நீர் பிரிந்து குமிழி எழுவதைப் போல மூளைக்குள் நிகழ்ந்தால் திசு சேதமடையும். ஆகவே, தன் ஆக்சிஜனேற்ற நிலையை மாற்றிக்கொண்டு மீண்டும் பழைய நிலைக்கே திரும்பும் இரிடியம் ஆக்சைடை மின்முனையின்மேல் பூசுகிறார்கள். நீரைப் பிரிக்காமலேயே அது கூடுதல் மின்னூட்டத்தைக் கடத்தித் தருகிறது. 2016-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வில், மூளையின் தொடு உணர்வுப் பகுதியில் மின்முனைகள் பொருத்தப்பட்டவர் கண்களைக் கட்டிக்கொண்ட நிலையிலும் இயந்திரக் கையின் எந்த விரல் தொடப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்.