ஜப்பான் பீங்கான் டீ செட்: முத்திரையை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள்

பழைய பீங்கான் சாமான்களுக்கு விலை மதிப்பிடுவது என் தொழில். யாராவது ஒரு கோப்பையைக் கவிழ்த்து, அடியில் உள்ள முத்திரையை மட்டும் படமெடுத்து அனுப்பி, "இது எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்பது வாடிக்கை. கோப்பையின் முகம் படத்திலேயே இருக்காது. முத்திரை அசலாக இருந்தால் பொருள் எந்தக் காலத்தது என்பதை ஓரளவு சொல்லும், அவ்வளவுதான். விலையைத் தீர்மானிப்பது மேலே உள்ள கைவேலையும் பொருள் இருக்கும் நிலையும்.

காலக் கணக்கு சுலபம். இறக்குமதிப் பொருள்களில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் சொன்னதால், 1891 முதல் அங்கே போன ஜப்பானியப் பீங்கானில் 'நிப்பான்' என்று, அதாவது ஜப்பானிய மொழியில் நாட்டின் பெயரைப் பொறித்தார்கள். 1921இல் அமெரிக்கச் சுங்கத் துறை அதை ஏற்க மறுத்ததும் 'ஜப்பான்', 'மேட் இன் ஜப்பான்' என்று மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நேச நாட்டுப் படைகள் ஜப்பானில் இருந்தபோது, அதாவது 1952க்கு முன்பு, ஏற்றுமதியான சரக்கில் 'ஆக்குபைட் ஜப்பான்' என்பதைப் பார்க்கலாம். முத்திரையே இல்லை என்றால் உடனே போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம்; அது உள்நாட்டு விற்பனைக்குச் செய்ததாக இருக்கலாம், ஒட்டியிருந்த காகிதச் சீட்டு உதிர்ந்தும் போயிருக்கலாம்.

சரி, அந்த முத்திரையாவது உண்மையா? நகோயா பக்கத்தில் 1904இல் தொடங்கி இன்று நோரிடாகே என்று அறியப்படும் கம்பெனியின் பச்சை முத்திரையில், இலை வளையத்துக்குள் ஆங்கில எம் எழுத்து இருக்கும். கம்பெனியைத் தொடங்கிய மோரிமுரா சகோதரர்களின் முதலெழுத்து அது. இதைப் பார்த்துச் செய்த போலிகளில் எம் இருக்க வேண்டிய இடத்தில் மணல் கடிகாரம் போன்ற உருவம் இருப்பதுண்டு. பிற்பாடு எம் எழுத்தையே கச்சிதமாகப் போட்ட போலிகளும் வந்துவிட்டன. அதனால் கனத்தைப் பாருங்கள். போலிகள் பெரும்பாலும் தடிப்பாக, கையில் எடுத்தாலே பாரமாக இருக்கும், பொன்பூச்சு புத்தம்புதிதாகப் பளபளக்கும். ஆக்குபைட் ஜப்பான் முத்திரையில் சந்தேகம் இருந்தால், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு முத்திரையின் ஓரத்தில் மட்டும் லேசாகத் தேயுங்கள். சூளையில் சுட்ட முத்திரை அசையாது, பின்னால் குத்திய மை கரைந்து வரும்.

அப்புறம் ஓவியம். என் வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போகிறது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை ஒரு ரோஜா இதழ் மேல் வையுங்கள். கையால் வரைந்தது என்றால் தூரிகை இழுத்த தடம் தெரியும்; நிறம் ஒரு ஓரத்தில் தேங்கி, மறு ஓரத்தில் மெலிந்து போயிருக்கும், பக்கத்து ரோஜா இதன் நகலாக இருக்காது. அச்சு ஒட்டுப்படம் பெரும்பாலும் ஒரே அளவுப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். இரண்டும் கலந்ததும் ஏராளம்: கெய்ஷா பெண்கள் படம் போட்ட செட்டுகளில் பலவற்றுக்குக் கோடுகள் அச்சு, உள்ளே நிரப்பிய நிறம் மட்டும் கைவேலை. அடியில் 'ஹேண்ட் பெயின்டட்' என்று இருக்கும். பொய்யில்லை, ஆனால் முழுக்கக் கையால் வரைந்த ஒரு தோட்டக் காட்சியின் விலையை அதற்குக் கேட்க முடியாது.

டிராகன் செட் வைத்திருப்பவர்களிடம் பேசும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். சாம்பல் நிறத்தில் புடைத்து நிற்கும் டிராகன், கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அடியில் ஒரு பெண்ணின் முகம். பார்க்க அவ்வளவு அழகு! குழைத்த களிமண்ணைப் பிதுக்கிப் புடைப்பாக வரையும் மொரியாகே வேலை அது. முகம் பீங்கானின் தடிமனைக் கூட்டிக் குறைத்து வார்ப்பு அச்சில் எடுத்தது. ஆனால் ஏற்றுமதிக்காகக் கணக்கில்லாமல் செய்து தள்ளியதால், ஒரு கோப்பையும் தட்டும் சேர்ந்தே பெரும்பாலும் சில பத்து டாலருக்குத்தான் போகின்றன. குடும்பத்தில் யாரோ "இது லட்சக்கணக்கில் போகும்" என்று சொல்லி வைத்திருப்பார்கள்.

விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், சில்லு பெயர்ந்த இடம் தட்டுப்படும். கோப்பையை உள்ளங்கையில் வைத்து விரலால் மெல்லச் சுண்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக வந்தால் விரிசலைத் தேடுங்கள். மூடி அந்த டீ பாட்டின் மூடிதானா என்றும் பாருங்கள், வேறொன்றின் மூடியைப் பொருத்தி விற்பது சகஜம். உயரமாக, மூக்கு மேல்விளிம்பை ஒட்டி இருந்தால் அது டீ பாட்டே இல்லை, சாக்லேட் ஊற்றும் பாத்திரம். அதற்கு வாங்குபவர்கள் வேறு, விலையும் வேறு.

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையை உங்கள் பொருளின் விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டி, அதே வடிவம், அதே நிலை உள்ளதோடு ஒப்பிடுங்கள். காப்பீட்டுக்கு எழுதித் தரும் மதிப்பு எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும், அந்தப் பணம் கடையில் கிடைக்காது.

விற்கும் முன் பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்துப் பொன்பூச்சை உரித்துவிட்டு வருபவர்களும் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீர், மிருதுவான துணி, அது போதும். பாத்திரம் கழுவும் இயந்திரமும் மைக்ரோவேவும் வேண்டவே வேண்டாம். மெருகுக்கு மேல் வரைந்த பழைய நிறங்களில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, எலுமிச்சை போன்ற புளிப்பு அதை இழுத்துக்கொண்டு வரும். அதனால் கோப்பையின் உட்புறத்தில் ஓவியம் இருந்தால் அதை அலமாரியில் வையுங்கள், அதில் தேநீர் குடிக்க வேண்டாம்.