மான் ஜியாங் ஹோங்: ஆற்றின் பெயரா, மெட்டின் பெயரா?

'மான் ஜியாங் ஹோங்' என்ற சீனத் தொடரில் 'மான்' நிறைவையும், 'ஜியாங்' பேராற்றையும், 'ஹோங்' செந்நிறத்தையும் குறிக்கும். சேர்த்துப் படித்தால் 'ஆறு முழுதும் செம்மை' என்று பொருள்படும். சோங் அரசின் படைத்தலைவர் யுவே ஃபெய் (1103–1142) பாடியதாக வழங்கும் நாட்டுப்பற்றுக் கவிதை இப்பெயரால் அறியப்படுவதால், செம்மையைக் குருதியாகக் கொண்டு 'குருதியாறு' என்று மொழிபெயர்க்கத் தோன்றும். அது பிழை. ஆறு சிவந்ததாக அக்கவிதையில் ஓர் அடியும் இல்லை.

உண்மையில் இது தலைப்பே அன்று, மெட்டின் பெயர். சோங் காலத்தில் தழைத்த, இக்கவிதை சார்ந்த பாவகையில், முன்பே வழங்கிய ஒரு மெட்டின் அடியளவுக்கும் ஒலியேற்ற இறக்கத்துக்கும் எதுகைக்கும் இசையப் புலவர்கள் சொற்களை அமைத்தனர். இசை மறைந்த பின்னும் 93 எழுத்துகள் கொண்ட அந்த யாப்பு நிலைத்தது. யுவே ஃபெய் பிறக்கும் முன்பே மறைந்த புலவர் சூ ஷியும் இதே மெட்டில் பாடியிருக்கிறார். நம் நொண்டிச்சிந்தை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்: நாட்டு மக்களின் நிலைக்கு நெஞ்சு பொறுக்காமல் பாரதியார் பாடியது நொண்டிச்சிந்தில்தான், அதில் நொண்டியைத் தேடுபவர் எவருமில்லை.

மெட்டுக்கு இப்பெயர் வந்ததற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று, நீரில் மிதந்து குளிரில் சிவக்கும் ஒரு பெரணிச் செடி. சீனத்தில் அதற்கும் இதே பெயர்தான். நம் ஊரில் மாட்டுத் தீவனமாக வளர்க்கும் அசோலா அதன் இனமே.

ஆகவே மெட்டின் பெயரை ஒலிபெயர்த்து 'மான் ஜியாங் ஹோங் மெட்டு' என எழுதுவதும், கவிதையைச் சீனர்கள் சுட்டுவதுபோல் முதற்குறிப்பால், அதாவது 'சினத்தில் சிலிர்த்த முடி மகுடத்தை முட்ட' என்று சுட்டுவதும் தகும். 1127இல் வடக்கு அரசான ஜின்னின் படையினர் சோங் அரசின் தலைநகர் கைஃபெங்கைக் கைப்பற்றிப் பேரரசர் இருவரைச் சிறைகொண்டு போன இழிவு இன்னும் துடைக்கப்படவில்லையே என்ற குமுறலே அதன் உயிர். மிங் காலத்துக்கு (1368–1644) முந்தைய நூல்களில் இது காணப்படாமையால் யுவே ஃபெய்யே பாடினாரா என்று ஐயுற்ற அறிஞர்களும் உண்டு. ஆனால் மக்கள் மனத்தில் இது அவர் பாட்டே.

கவிதையோடு இணைத்துப் பேசப்படும் இடம், ஹாங்சோ நகரின் மேற்கு ஏரிக்கரையில் 1221இல் எழுந்த 'யுவே வாங் மியாவ்'. 'வாங்' என்றால் மன்னர். பொய்க்குற்றம் சாட்டிக் கொல்லப்பட்ட யுவே ஃபெய்க்கு அப்பட்டம் இறந்து பல்லாண்டுகள் கழித்தே கிடைத்தது. 'மியாவ்' என்பதைக் 'கோயில்' என்று மட்டும் பெயர்த்தால் உள்ளேயிருக்கும் கல்லறை விடுபட்டுவிடும். மன்னரைப் புதைத்த இடத்தில் எழுப்பும் கோயிலுக்கு நம்மிடம் 'பள்ளிப்படை' என்ற சொல் இருக்கிறது. அது சைவ மரபுக்குரியது என்ற தடையை ஒப்புக்கொண்டாலும், இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தென்படவில்லை. அங்கே கல்லறையை நோக்கி, யுவே ஃபெய்யின் சாவுக்குக் காரணமான அமைச்சர் சின் ஹுய், அவர் மனைவி உள்ளிட்ட நால்வரின் இரும்புச் சிலைகள் மண்டியிட்டுக் கிடக்கின்றன.