எதிரெதிர் இயல்புடைய குழந்தைகள் நண்பர்களாகும்போது

“எங்க பொண்ணு வாயே திறக்க மாட்டா மேடம். ஆனா கிளாஸ்லயே பெரிய வாலு யாரோ, அவன்கிட்டதான் போய் ஒட்டிக்கிறா. மிஸ்கிட்ட சொல்லிப் பிரிச்சு உட்கார வைக்கலாமா?” மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளை ஆலோசனைக்கு அழைத்து வரும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அந்த ‘வாலு’வின் பெற்றோருக்கோ, தங்கள் பையன் இன்னும் சுறுசுறுப்பான பிள்ளைகளோடு சேரக் கூடாதா என்ற ஆதங்கம் இருக்கும். இரு தரப்பினரிடமும் நான் பெரும்பாலும் சொல்வது, அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம் என்பதுதான்.

குழந்தையின் இயல்பு நாம் வளர்த்த விதத்தால் மட்டும் வருவதன்று. நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதியர் 1956-இல் தொடங்கி, 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவம் முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் எளிதில் இணங்குபவர்களாகவும், 15 விழுக்காட்டினர் மெல்லப் பழகுபவர்களாகவும், 10 விழுக்காட்டினர் உணர்ச்சி வேகம் மிகுந்து மாற்றங்களை ஏற்கச் சிரமப்படுபவர்களாகவும் இருந்தார்கள். மற்றவர்கள் எந்த வகையிலும் முழுமையாக அடங்கவில்லை. இயல்பு எதுவாயினும், அதற்கும் குழந்தையைச் சுற்றியுள்ளவர்களின் எதிர்பார்ப்புக்கும் உள்ள பொருத்தமே வளர்ச்சியைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது அவர்களுடைய முக்கியமான முடிவு. நண்பனும் அந்தச் சூழலின் ஒரு பகுதிதான்.

இந்த வயதில் நட்பு என்பது பெரும்பாலும் சேர்ந்து விளையாடுவதுதான். காலையில் காய் விட்டுக்கொண்டவர்கள் மதியச் சாப்பாட்டுக்குள் பழம் விட்டுக்கொள்கிறார்கள். ஒதுங்கி நின்று பிறர் விளையாடுவதைப் பார்ப்பதும், ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து தனித்தனியாக விளையாடுவதும் சேர்ந்து விளையாடுவதற்கான படிகளே என்பதை அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே பதிவு செய்திருக்கிறார். ஆகவே, ‘அவள் சும்மா பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள்’ என்று வருந்தும் தாயிடம், அவள் யாரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று கேட்பேன். பல வேளைகளில் அது அந்தத் துறுதுறுப்பான பிள்ளையாகவே இருக்கும்.

விளையாட்டறையில் இப்படியொரு இணையைக் கவனித்தால் நிறையத் தெரிந்துகொள்ளலாம். சொப்புச் சாமான்களைப் பரப்பிக்கொண்டு அவள் பொறுமையாகச் சமைக்கிறாள்; அவன் ஓட்டுநராகி அறையைச் சுற்றி வந்து, “சீக்கிரம் சோறு போடு, பஸ் கிளம்பிடும்” என்று அவசரப்படுத்துகிறான். அவள் நிமிராமலேயே, “இன்னும் வேகல” என்கிறாள். அவன் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு, மூடியைத் திறந்து பார்த்து, மறுபடி மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறான். பெரியவர்கள் எத்தனை முறை அதட்டினாலும் அவனிடம் கிடைக்காத காத்திருப்பு அது. சற்று நேரத்தில் அவள் சட்டியோடு எழுந்து பஸ்ஸில் ஏறிக்கொள்கிறாள். அந்த அறையின் மறு கோடிக்கு அவள் தானாகப் போயிருக்க மாட்டாள்.

ஒதுங்கியே இருக்கும் குழந்தைக்குத் தன்னைவிடச் சிறிய குழந்தையின் துணையும் நல்லது. 1979-இல் வெளியான ஃபர்மன், ராஹே, ஹார்ட்டப் ஆகியோரின் ஆய்வில், ஒதுங்கியிருந்த பாலர் பள்ளிக் குழந்தைகளைச் சில வாரங்களில் பத்து முறை இன்னொரு குழந்தையோடு விளையாட விட்டார்கள். ஒத்த வயதுத் துணையைவிட, இளைய துணை கிடைத்தவர்களிடமே முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. இளைய குழந்தையோடு விளையாடும்போது வழிநடத்தும் வாய்ப்பு இவர்களுக்குக் கிடைக்கிறது. பல வயதினரும் ஒரே அறையில் அமரும் அங்கன்வாடிகளில் இது இயல்பாகவே நடக்கிறது; வயதுவாரியாகப் பிரிக்கும் மழலையர் பள்ளிகளில் அந்த வாய்ப்பு குறைந்துவிடுகிறது என்பது என் வருத்தம்.

எல்லா இணைகளையும் அப்படியே விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. குணம் வேறுபடுவது சிக்கலில்லை. ஒரு குழந்தை ‘வேண்டாம்’ என்று சொன்னால் மற்றது நிறுத்துகிறதா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு முறையும் ஒரே குழந்தையே விட்டுக்கொடுப்பது, ‘தரலேன்னா உன்கூடச் சேர மாட்டேன்’ என்ற மிரட்டல் தொடர்வது, பள்ளி நாள்களில் மட்டும் காலையில் வயிற்று வலி வருவது ஆகியவை தெரிந்தால் பெரியவர்கள் தலையிட வேண்டும். ‘எனக்கு வேணும், அப்புறம் தரேன்’ என்ற வாக்கியத்தை அமைதியான குழந்தைக்கு வீட்டில் பொம்மைகளை வைத்துப் பழக்கலாம். அது கேட்டதும் கையை எடுக்க மற்றக் குழந்தைக்கும் கற்றுத் தர வேண்டும். வீட்டில் நன்றாகப் பேசும் பிள்ளை, பள்ளி தொடங்கிய முதல் மாதம் கடந்த பிறகும் அங்கே ஒரு மாதத்துக்கு மேல் பேசாமலே இருந்தால், அதைக் கூச்சம் என்று தள்ளிவிடாமல் குழந்தை மனநல வல்லுநரிடம் காட்டுங்கள்.

வீட்டில் சேர்த்து விளையாட வைப்பதானால், முதலில் அமைதியான குழந்தையின் வீட்டில், ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், அந்த ஒரு நண்பரை மட்டும் அழையுங்கள். பிரிய மனமில்லாத பொம்மையை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். ‘அவனைப் பார், எப்படிப் பேசுறான்’ என்ற ஒப்பீட்டை அந்த ஒரு மணி நேரத்தில் மட்டுமல்ல, எப்போதுமே தவிர்த்துவிடுங்கள். அந்த ஒரு சொல்லிலேயே நண்பன் போட்டியாளனாகிவிடுகிறான். ஜூன் மாதத்தில் பிரிவுகளை மாற்றியமைக்கும் பள்ளியாக இருந்தால், இருவரையும் ஒரே பிரிவில் வைக்கும்படி ஆசிரியரிடம் முன்பே கேட்டுப் பாருங்கள். மெல்லப் பழகும் குழந்தைக்குப் புதிய வகுப்பறையில் தெரிந்த முகம் ஒன்று இருப்பது பெரிய ஆறுதல்.