முப்பது புடவை விரித்தால் மனசு என்ன செய்யும்?

தீபாவளி நேரத்தில் புதுச்சேரி நேரு வீதி ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவரைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். முதல் கேள்வியே, "என்ன ரேஞ்சுல பாக்குறீங்க?" என்பதுதான். பதில் வந்ததும் அலமாரியில் பெரும்பகுதி கழிந்துவிடும். அடுத்தது கலர். வேண்டாம் என்று முகம் காட்டிய புடவையை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, கை நின்ற இரண்டு மூன்றை மட்டும் எதிரில் விட்டுவைப்பார். முப்பது புடவை விரித்தபடி கிடந்தால், "வீட்டுல கலந்துக்கிட்டு வரோம்" என்று எழுந்து போவார்கள் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

இதை ஆய்வாகச் செய்து பார்த்தவர்கள் உளவியல் ஆய்வாளர்கள் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர். கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய மளிகைக் கடையில் ஜாம் ருசி பார்க்க மேசை போட்டார்கள். சில நேரம் 24 வகை, சில நேரம் 6 வகை. 24 வகை இருந்தபோது, அந்த வழியாகப் போனவர்களில் 60 சதவீதம் பேர் நின்றார்கள். 6 இருந்தபோது 40 சதவீதம். ஆனால் நின்றவர்களில் ஜாம் வாங்கியவர்கள் முதல் மேசையில் 3 சதவீதம், இரண்டாவதில் 30. 2000-ல் வெளியான இந்த ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

வாங்காமல் போவதைவிட, வாங்கிய பிறகு வரும் வருத்தம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எடுத்த புடவையில் பார்டர் நன்றாக இருக்கும். விட்டுவந்த ஒன்றில் முந்தானை, இன்னொன்றில் கலர் கண்ணிலேயே நிற்கும். மூன்றும் சேர்ந்த புடவை அந்தக் கடையிலேயே கிடையாது. மனசு தானாக அதை நெய்து வைத்துக்கொள்கிறது. கையில் இருப்பது அதன் எதிரில் நிற்க முடியாமல் போகிறது. இரண்டே புடவை இருந்திருந்தால் குறையைக் கடையின் மேல் போட்டுவிடலாம். இருநூறு இருந்தும் சரியாக அமையவில்லை என்றால், பழி நம் மேலேயே விழுகிறது.

சரி, தெரிவுகள் கூடினாலே சந்தோஷம் குறையுமா? அப்படிச் சொல்ல முடியாது. 2010-ல் ஷைபெஹென்னே என்ற ஆய்வாளரின் குழுவினர் இந்த மாதிரி 50 சோதனைகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, சராசரி பாதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம் என்றுதான் வந்தது. 2015-ல் செர்னேவ் குழுவினர் இன்னும் நுணுக்கமாகப் பார்த்து, எப்போது பாதிப்பு வருகிறது என்று பிரித்துக் காட்டினார்கள். பொருள்களை ஒப்பிடுவது சிக்கலாக இருக்கும்போது, அவசரமோ வேறு நெருக்கடியோ இருக்கும்போது, சும்மா பார்க்க வராமல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே வந்திருக்கும்போது, நமக்கு என்ன வேண்டும் என்று நமக்கே தெரியாதபோது.

இந்தக் கடைசிக் காரணத்தைக் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலை வேளையில் கண்ணாலேயே பார்க்கலாம். வஞ்சிரம், சங்கரா, பாறை, மத்தி, நெத்திலி, கிழங்கான் என்று கூடை கூடையாக இருக்கும். மீன் வாங்கிப் பழகியவர் யாரும் அங்கே திணறுவதில்லை. குழம்புக்கா, வறுக்கவா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வருவார். செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார். விலை பேசுவார், அவ்வளவுதான். கூடைகள் எத்தனை இருந்தாலும் அவர் ஒப்பிடுவது இரண்டு மூன்றைத்தான். புதிதாக வருபவருக்கு அதே இடம் தலைசுற்றும்.

தேவைக்குப் போதுமானது கிடைத்ததும் தேடலை நிறுத்துவதைப் பற்றி 1950களிலேயே எழுதியவர் ஹெர்பர்ட் சைமன். 1978-ல் பொருளாதார நோபல் பெற்றவர். சிலர் அப்படி நிறுத்துவதில்லை. இருப்பதிலேயே சிறந்ததைப் பிடிக்கும்வரை தேடுவார்கள். படிப்பு முடித்து வேலை தேடிய மாணவர்களை ஐயங்கார் குழுவினர் பின்தொடர்ந்து 2006-ல் எழுதினார்கள்: சிறந்ததையே தேடியவர்களுக்குச் சம்பளம் சுமார் 20 சதவீதம் அதிகம் கிடைத்தது, ஆனால் கிடைத்த வேலையில் திருப்தி மற்றவர்களைவிடக் குறைவு.

அப்புறம், "பிடிக்கலன்னா மாத்திக்கலாம்" என்ற வசதி. இது நிம்மதி தரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஹார்வர்டில் டேனியல் கில்பர்ட்டும் ஜேன் எபர்ட்டும் புகைப்பட வகுப்பு வைத்து இதைச் சோதித்தார்கள். ஒவ்வொரு மாணவரும் தான் எடுத்த இரண்டு படங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட வேண்டும். சிலருக்கு மட்டும், சில நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. மாற்ற முடியாதவர்கள் தங்கள் படத்தை மெல்ல மெல்ல விரும்பத் தொடங்கினார்கள். மாற்ற முடிந்தவர்களுக்கு அந்த அளவு பிடிப்பு வரவில்லை. மனசு இன்னும் இரண்டுக்கும் நடுவிலேயே நின்றது. எந்த வகுப்பில் சேர விருப்பம் என்று வேறு மாணவர்களைக் கேட்டபோது, பெரும்பாலோர் மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள வகுப்பையே கேட்டார்கள்.