பெல்ட்டில் சோப்பு தேய்க்காதீர்கள்

போன வாரம் குன்னூரில் என் பட்டறைக்கு ஒரு பழைய டீசல் பிக்கப்பைக் கட்டி இழுத்து வந்தார்கள். கேத்தியிலிருந்து கேரட் மூட்டையோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிய வண்டி. பர்லியாறுக்கு மேலே ஃபேன் பெல்ட் அறுந்திருக்கிறது. பேட்டரி விளக்கு எரிந்ததைப் பார்த்தும் டிரைவர் ஓட்டியிருக்கிறார். இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக் மிதி இறுகிக் கல்லாகிவிட்டது. கியரைக் குறைத்து, மலைப் பக்கத்து வாய்க்காலில் சக்கரத்தை இறக்கி எப்படியோ நிறுத்திவிட்டார்.

அறுந்த பெல்ட்டைக் கையில் எடுத்தால் குளிக்கிற சோப்பு வாசனை. "மூணு மாசமா காலையில கத்துச்சுண்ணா. சோப்பு தேய்ச்சா நின்னுடும்" என்றார். இந்த மாதத்தில் இப்படி வந்த நான்காவது வண்டி இது. ஒன்றில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் கிரீஸ்.

பெல்ட்டுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: பழைய டீசல் ஜீப், வேன், பிக்கப் பலவற்றில் பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்கு உறிஞ்சு விசை கொடுக்கும் வேக்குவம் பம்ப், பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் டைனமோவின் முதுகில்தான் இருக்கிறது. பெல்ட் போனால் டைனமோ நிற்கும், வேக்குவமும் நிற்கும். பல வண்டிகளில் இன்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம்வரை ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம், 14 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பிரேக் கல்லானால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"இது ஊட்டிக் குளிருங்க, கத்தத்தான் செய்யும். சூடானா சரியாயிடும்." தினமும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். தயவுசெய்து இதை நம்பாதீர்கள். இரவுக் குளிரில் பேட்டரி சோர்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்ததும் இழந்த சார்ஜை எல்லாம் டைனமோ திருப்பிக் கொடுக்க வேண்டும். மூடுபனிக்கு ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் ஊதி என்று அதற்கு மேலும் சுமை. டைனமோ இறுகிச் சுற்ற, ஈரத்தில் விறைத்துக் கிடக்கும் பெல்ட் அதை இழுக்க முடியாமல் வழுக்குகிறது. அந்த வழுக்கல்தான் கீச்சிடுகிறது. பத்து நிமிடத்தில் பேட்டரி தேறும், ரப்பர் சூடாகும், சத்தம் அடங்கும். சத்தம் அடங்கியதே தவிர, தளர்ந்த பெல்ட் தளர்ந்தபடிதான் இருக்கிறது. நல்ல பெல்ட் டிசம்பர் உறைபனியிலும் கத்தாது. எண்ணெயும் கிரீஸும் ரப்பரை ஊற வைத்து உப்ப வைக்கும், வழுக்கலைக் கூட்டும். சோப்பு சத்தத்தை மட்டும் மறைக்கும்.

இனி, சத்தத்தைக் கேட்டுப் பழகுங்கள். இன்ஜின் வேகத்தோடு கூடும் நீளமான கிறீச் என்றால் பெரும்பாலும் வழுக்கல். சீரான இடைவெளியில் கீச் கீச் என்றால் பெல்ட் சுற்றும் சக்கரங்களான புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமலிருக்கலாம். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது மட்டும் கத்தினால், பவர் ஸ்டீயரிங் பம்பை ஓட்டும் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். பட்டறையில் நாங்கள், வரி போட்ட (உள்பக்கம் நீளவாக்கில் பள்ளங்கள் உள்ள) பெல்ட்டாக இருந்தால் ஓடும்போதே உள்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளிப்போம். சத்தம் கூடினால் தளர்வு. கொஞ்ச நேரம் அடங்கி மறுபடி வந்தால் நேர்கோட்டுப் பிரச்சினை. எந்த மாற்றமும் இல்லையென்றால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்ப்போம். கரகரத்தாலோ ஆட்டம் கொடுத்தாலோ அந்த பேரிங் போய்விட்டது. வாட்டர் பம்பின் அடியில் கூலன்ட் கறை இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்று: "பெல்ட்ல வெடிப்பே இல்லையே" என்பார்கள். இப்போது வரும் வரி போட்ட பெல்ட்டுகள் பெரும்பாலும் வெடிப்பதில்லை, டயர் போலத் தேய்கின்றன. பள்ளத்தின் ஆழத்தைப் பாருங்கள்.

நம் ஊரில் மஃப்ளரும் சால்வையும் இல்லாத கழுத்து இல்லை. அதைச் சுற்றிக்கொண்டு, ஓடுகிற இன்ஜின் மேல் குனியவே குனியாதீர்கள். கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். பெல்ட்டைத் தொட வேண்டுமென்றால் இன்ஜினை அணைத்து, சாவியையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் மின்விசிறி தானாகவே சுற்றும். ஓட்டும்போது பேட்டரி விளக்கு எரிந்தால், அடுத்த டீக்கடைவரை போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பிரேக் பிடிக்கும்போதே ஓரம் கட்டுங்கள், அப்புறம் போன் செய்யுங்கள்.

அந்தக் கேரட் வண்டியில் டைனமோவை இறுக்கும் போல்ட்டின் மரை தேய்ந்திருந்தது. இறுக்க இறுக்க இளகியிருக்கிறது. சத்தம் வந்த முதல் வாரமே காட்டியிருந்தால் ஒரு போல்ட்டோடு முடிந்திருக்கும். போல்ட்டும் பெல்ட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறேன். புது வி-பெல்ட் (குறுக்குவெட்டில் V வடிவம் கொண்டது) ஓட ஓடக் கொஞ்சம் இளகும், மறுபடி இறுக்க வேண்டும். பத்து நாளில் வரச் சொல்லியிருக்கிறேன்.