ஒரு வட்டம், ஒரு சதுரம், மூன்று பொருட்கள்

ஒரு வட்டமும் ஒரு சதுரமும் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல், வெறும் கோட்டால் வரைந்த படம். எத்தனை உருவங்கள் என்று கேட்டால் நாம் யோசிக்காமலே இரண்டு என்போம். கண்ணில் லென்ஸ் இல்லாமல் பிறந்து, 29 வயதில்தான் கண்ணாடி கிடைத்த ஓர் இந்தியர் அப்படிச் சொல்லவில்லை. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் உண்டாகும் சிறு துண்டும் அவருக்குத் தனிப் பொருளாகவே தெரிந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக நரம்பியல் ஆய்வாளர் பவன் சின்ஹாவின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு இது. பிறவியிலேயே பார்வை இழந்த இந்தியக் குழந்தைகளுக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்து, அதன்பின் அவர்கள் பார்க்கக் கற்கும் விதத்தை ஆராய்வது அவரது பிரகாஷ் திட்டம்.

அந்த மனிதரின் விடையைப் பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. விழித்திரையில் விழுவது அதுதானே! மர நிழலில் ஒரு பசு நிற்கிறது. கண்ணுக்குள் போவது பசு அல்ல; வெள்ளைத் திட்டு, கறுப்புத் திட்டு, இலை இடுக்கில் விழுந்த வெயில், காலை மறைக்கும் வேலிக்கம்பு. திட்டுக்குத் திட்டு விளிம்பு உண்டு. நிழலுக்கும் விளிம்பு உண்டு. இவற்றில் எது பசுவின் எல்லை, எது அதன் தோலில் உள்ள நிறம், எது வேலியுடையது என்று பிரித்து, சேரவேண்டியதைச் சேர்த்த பிறகே 'பசு' என்ற பெயருக்கு இடம் வருகிறது. இந்த வேலை நமக்குள் நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடுவதால், இப்படி ஒரு வேலை நடப்பதே நமக்குத் தெரிவதில்லை.

சேர்ப்பதற்கு மூளை கைக்கொள்ளும் வழிகளை ஜெர்மானிய உளவியலாளர் மாக்ஸ் வெர்ட்ஹைமர் 1923இல் விவரித்தார். அருகருகே இருப்பவை, ஒரே மாதிரி இருப்பவை, வளைவு முறியாமல் தொடரும் கோடுகள், சேர்ந்தே நகர்பவை: இவற்றை மனம் ஒன்றாகக் கட்டுகிறது.

இந்தப் பட்டியலில் கடைசியாக உள்ளதுதான் சின்ஹாவின் ஆய்வில் முதலிடம் பிடித்தது. அசையாத படத்தில் குழம்பிய அதே மனிதர், உருவங்கள் நகரத் தொடங்கியதும் சரியாகப் பிரித்துவிட்டார். புதருக்குள் அசையாமல் நிற்கும் புள்ளிமான் நம் கண்ணுக்கும் தப்பிவிடும். ஓர் அடி வைத்தால் போதும், புள்ளிகளெல்லாம் சேர்ந்து மானாகிவிடும். இன்னொன்றும் தெரியவந்தது. புகைப்படங்களில் அவர் அடையாளம் கண்டவை பெரும்பாலும் வாழ்க்கையில் நகரக்கூடிய பொருட்கள்.

இதை வைத்து ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. சேர்ந்து நகர்வது ஒரே பொருள் என்று மூளை முதலில் பிடித்துக்கொள்கிறது. அப்படிப் பிடித்த பொருளின் நிறமும் விளிம்பும் எப்படி அமைந்திருக்கின்றன என்று போகப்போகக் கவனிக்கிறது. பிறகு அது அசையாமல் நின்றாலும் அந்த அடையாளங்களே போதும். பார்வை கிடைத்து 10 முதல் 18 மாதங்களில், அசையாத படங்களையும் அவரும் ஆய்வில் பங்கேற்ற மற்றவர்களும் பிரித்தறிந்தார்கள்.

29 வயதில் இது நடந்தது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். குட்டிப் பருவத்தில் ஒரு கண்ணை மூடிவைத்த பூனைகளுக்குப் பின்னாளில் அந்தக் கண்ணின் பார்வை சரியாகத் திரும்பவில்லை என்று நரம்பியல் ஆய்வாளர்கள் ஹியூபலும் வீஸலும் 1960களில் காட்டியிருந்தார்கள். வயது கடந்த பிள்ளைகளுக்குச் சிகிச்சை வீண் என்ற எண்ணம் இதனால் வலுப்பட்டது. கூர்மை முழுதாகத் திரும்புவதில்லை என்பது இவர்களுக்கும் பொருந்தும். ஆனால் திட்டுகளைப் பொருளாகச் சேர்க்கும் கலையை, மங்கலான கண்ணை வைத்துக்கொண்டே, அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.